ஞாயிறு மறுரூபம், திங்கள் பழைய ரூபம்: மனம் புதிதாவது எப்படி?

திங்கட்கிழமை விசுவாசி கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தக் கேள்வியை என் சபையில் யாரிடமும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே வேதபாட வகுப்பு எடுக்கிற ஆளே நான்தான். அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

இரட்சிக்கப்பட்டு 12 வருஷம் ஆகிறது. அப்போஸ்தலன் பவுல் எழுதின ரோமர் நிருபத்தில் 12:2 எனக்குத் தலைகீழாகத் தெரியும். "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்பதை வைத்து நானே மூன்று நான்கு முறை செய்தி கொடுத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் திட்டு வாங்கிவிடுகிறார்கள். அலுவலகத்தில் தேவையே இல்லாத இடத்தில் பொய் வாயில் வந்து நிற்கிறது. கூட வேலை செய்கிறவருக்குப் பதவி உயர்வு வந்தபோது கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்திவிட்டு, அன்றைக்கு ராத்திரி முழுக்க அவருடைய குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் காலை வழக்கம்போல வேதம் வாசித்தேன், ஜெபித்தேன், ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தவில்லையே என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

மனம் புதிதாவது நான் செய்கிற வேலையா, தேவன் செய்கிற வேலையா? நான் செய்ய வேண்டியது என்றால் இந்த 12 வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தேன்? அவர் செய்வது என்றால் இன்னும் ஏன் செய்யவில்லை? அப்புறம், "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், இன்னும் அதிகமாக வாசியுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்கிறேன்.

---

ஜெயக்கொடி எழுதியது:

21 நாள் உபவாசம் எடுங்கள் பிரதர், அதிகமாக ஜெபியுங்கள், எல்லாம் மாறும்.

---

இரவு டியூட்டி எழுதியது:

ஜெயக்கொடி அவர்களே, கேள்வியின் கடைசி இரண்டு வரியைப் படித்தீர்களா?

---

அத்திமரத்தடி எழுதியது:

சகோதரரே, வகுப்பு எடுக்கிறவர் என்கிறீர்கள், அதனால் வசனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பழகிப்போன வசனத்தில்தான் நாம் எதையும் கவனிப்பதில்லை. (நான் போதகன் இல்லை. கிரேக்கம் கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான்.)

நம் பழைய மொழிபெயர்ப்பில் "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று இருக்கிறது. பிரபஞ்சம் என்றதும் நமக்கு நட்சத்திரங்களும் கிரகங்களும் நினைவுக்கு வருகின்றன, ஆனால் பவுல் எழுதிய சொல் ஒரு காலத்தை, ஒரு யுகத்தைக் குறிப்பது. இந்தக் காலம் எதைப் பெரிதாக நினைக்கிறதோ, எதற்குப் பயப்படுகிறதோ, எதை வெற்றி என்கிறதோ, அந்த அச்சில் வார்க்கப்பட்டு நிற்காதீர்கள் என்கிறார். அதற்கு "வேஷம்" என்று போட்டு, எதிர்ப்பக்கத்தில் "மறுரூபம்" என்று வைத்தார்களே, அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் கும்பிடலாம். வேஷம் கட்டினால் கலைக்கலாம், ரூபம் அப்படியில்லை. மறுரூபம் என்பதற்குப் பவுல் எழுதிய அதே வினைச்சொல்தான் மத்தேயு 17-இல் இயேசு மலையின்மேல் மறுரூபமானதைச் சொல்லும்போதும் வருகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் நான்கே இடங்களில்தான் அது இருக்கிறது: மத்தேயு 17, மாற்கு 9, இந்த ரோமர் 12, அப்புறம் 2 கொரிந்தியர் 3:18.

இப்போது உங்கள் முதல் கேள்வி. "மறுரூபமாகுங்கள்" என்பது கட்டளை. ஆனால் கிரேக்கத்தில் அது செயப்பாட்டு வினை, அதோடு தொடர்ந்து நடக்கிற ஒன்றைச் சொல்லுகிற காலம். "மாற்றப்பட்டுக்கொண்டே இருங்கள்" என்று சொன்னால் ஓரளவு கிட்டே வரும். கட்டளை உங்களுக்கு, வேலை அவருடையது. குழப்பமாக இருக்கிறதா? நாம் "முடி வெட்டிக்கொண்டேன்" என்கிறோமே, கத்தரி பிடித்தவர் வேறொருவர். ஆனால் போய் உட்கார வேண்டியது நாம், தலையை ஆட்டாமல் இருக்க வேண்டியதும் நாம். நடுவில் எழுந்து ஓடினால் பாதி வெட்டின தலையோடு சுற்ற வேண்டியதுதான் (உங்கள் திங்கட்கிழமையைச் சொல்லவில்லை!).

இன்னொன்று. 2-ஆம் வசனத்துக்கு முன்னால் 1-ஆம் வசனம் இருக்கிறது. அதில் பவுல் மனதைப் பற்றிப் பேசவில்லை, "உங்கள் சரீரங்களை" ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார். வாய், கை, கால், கண், வீட்டுக்குள் நுழைகிற உடம்பு. மனம் முதலில் முழுக்கச் சரியாகட்டும், அப்புறம் நடத்தை தானாக வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அவர் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கிறார்.

கடைசியாக ஒன்று, நம் மொழியால் வந்த வினை. "நீங்கள்" என்பது நமக்கு மரியாதைக்கும் வரும், பலருக்கும் வரும். அதனால் இந்த வசனத்தை நாம் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் மரியாதையோடு சொல்லப்பட்டதாக வாசித்துவிடுகிறோம். மூலத்தில் அது சந்தேகமில்லாமல் பன்மை. அந்த அதிகாரத்தின் மீதி முழுக்க ஒரே சரீரத்தின் அவயவங்கள், ஒருவருக்கொருவர், அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றே போகிறது. வகுப்பு எடுக்கிற ஆள் என்பதால் யாரிடமும் கேட்க முடியவில்லை என்று எழுதினீர்களே, என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

---

இரவு டியூட்டி எழுதியது:

நான் நர்ஸ். கிரேக்கம் தெரியாது. அத்திமரத்தடி அண்ணன் சொன்னதில் அந்த உடம்பு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்.

அண்ணா, உங்கள் கேள்வியில் "பொய் வருகிறது", "திட்டு வாங்குகிறார்கள்" என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் யாராவது வந்து "உடம்பு சரியில்லை" என்றால் நாங்கள் மருந்து கொடுக்க மாட்டோம், எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எதைச் செய்தால் அதிகமாகிறது என்று கேட்போம். எந்தப் பொய்? யாரிடம்? எத்தனை மணிக்கு? அதைச் சொல்லும் முன்னால் அரை விநாடி மனதில் என்ன ஓடியது?

என் கதையைச் சொல்கிறேன். நோயாளியின் உறவுக்காரர்கள் ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்பார்கள். நான்காவது முறைக்கு மேல் என் குரல் மாறிவிடும், முகமும் மாறிவிடும், வார்டில் எனக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது, அதை இங்கே சொல்ல மாட்டேன். "ஆண்டவரே எனக்குப் பொறுமை தாரும்" என்று வருஷக்கணக்கில் ஜெபித்தேன். பொறுமை வரவில்லை. ஒரு நாள் ஒரு மூத்த அக்கா, அவரும் விசுவாசிதான், "உனக்குக் கோபம் வருகிற அந்த நேரத்தில் உனக்குள் என்ன சொல்லிக்கொள்கிறாய்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், "என் நேரத்தை வீணடிக்கிறார்கள்" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஓடியிருக்கிறது. என் நேரம். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கேள்வி கேட்டதே இல்லை. டியூட்டியில் இருக்கிற எட்டு மணி நேரம் யாருக்காக என்று அக்கா கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்போதிருந்து ஒரே ஒரு வசனம், ஒரே ஒரு இடத்துக்கு. எபேசியர் 4:32, "ஒருவருக்கொருவர் தயவாயும் மனஉருக்கமாயும் இருந்து" என்று வருமே, அது. ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவில் கை கழுவ வேண்டும், ஒழுங்காகக் கழுவினால் குறைந்தது 20 விநாடி. அந்த 20 விநாடியில் அதை முணுமுணுப்பேன். சங்கீதம் 1-இல் "இரவும் பகலும் தியானமாயிருக்கிற" என்று இருக்கிறதே, அந்தத் தியானம் என்கிற எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று அர்த்தம் உண்டு என்று எங்கள் பாஸ்டர் ஒரு முறை சொன்னார், கண்ணை மூடி உட்கார முடியாத எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. காலை ஒரு மணி நேரம் வாசிப்பது நல்லதுதான் அண்ணா, ஆனால் காலை ஆறு மணிக்கு வாசித்தது மாலை ஆறு மணிக்குச் செருப்பு கழற்றுகிற இடத்துக்கு வந்து சேர வேண்டுமே, யார் எடுத்துக்கொண்டு வருவது?

இப்போதும் குரல் மாறும். ஆனால் மாறுவது எனக்கே கேட்கிறது. முன்பெல்லாம் கேட்காது.

---

தோமாவின் சீடன் எழுதியது:

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள், ஆனாலும் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நான் இந்த வழியில் போய்ப் பள்ளத்தில் விழுந்தவன்.

"எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷம் என் தலைக்குள் நானே போலீஸ்காரனாக நின்றேன். வருகிற போகிற எண்ணத்தையெல்லாம் நிறுத்தி விசாரணை. இது பெருமையா? இது இச்சையா? இப்போது ஜெபித்ததே பெருமைக்காகத்தானோ? தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, கடைசியில் டாக்டரிடம்தான் போனேன், போனதில் எனக்கு வெட்கம் இல்லை, ஒரு வருஷம் முன்னாலேயே போயிருக்கலாம். பிறகு நிதானமாக 2 கொரிந்தியர் 10-ஐ வாசித்தால், பவுல் அங்கே தனக்கு எதிராகக் கொரிந்துவில் கிளம்பியவர்களுடைய வாதங்களைப் பற்றிப் பேசுகிறார், தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாக எழும்புகிற தர்க்கங்களைச் சொல்கிறார். என் மூளையில் பறந்து போகிற ஒவ்வொரு ஈயையும் பிடித்து அடை என்று அவர் சொல்லவில்லை.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கும் துறவியாக இருந்த காலத்தில் இதே வியாதிதான், மணிக்கணக்காகப் பாவஅறிக்கை செய்துவிட்டு வெளியே வந்ததும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்து திரும்ப ஓடுவாராம். அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஸ்டாவ்பிட்ஸ், உன்னையே கிளறாதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார். அத்திமரத்தடி சொன்ன 2 கொரிந்தியர் 3:18-ம் அதுதானே? "கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் கண்டு" மறுரூபப்படுகிறோம். பார்க்க வேண்டியது அவரை. நான் கண்ணாடியில் என் முகத்தின் பருவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

12 வருஷம் என்று பயப்படுகிறீர்கள். ஆதிசபையின் பெரிய போதகர் அகஸ்டின் கி.பி. 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் ரோமர் 13-ஐத் திறந்து வாசித்து மனந்திரும்பினார், எல்லாருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாதது, பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, ஆயராகவும் ஆனபிறகு, மற்றவர்கள் புகழும்போது தனக்குள் வருகிற சுகத்தை இன்னும் ஜெயிக்க முடியவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்காக அவர் மனந்திரும்பியது பொய் என்று யாராவது சொல்வார்களா?

---

திங்கட்கிழமை விசுவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஜெயக்கொடி அவர்களுக்கும்தான்.

சிஸ்டர், உங்கள் கேள்வி ஒரு நாள் முழுக்க என்னை விடவில்லை. எந்தப் பொய் என்று கேட்டீர்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், மூன்று நாளில் ஐந்து. "அனுப்பிவிட்டேன் சார்" (அனுப்பவில்லை). "பார்த்தேன், நன்றாக இருக்கிறது" (திறக்கவே இல்லை). "வழியில் இருக்கிறேன்" (நாற்காலியில் இருந்தேன்). மீதி இரண்டும் இதே ரகம்தான். பணத்துக்காக ஒன்றுகூட இல்லை, யாரையும் ஏமாற்ற ஒன்றும் இல்லை. ஐந்துமே, இவன் வேலையை முடிக்காதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

பிறகுதான் தெரிந்தது, வீட்டில் கத்துவதும் பெரும்பாலும் அதே நாட்களில். அலுவலகத்தில் நாள் முழுக்க நல்ல பெயரைக் காப்பாற்றிக் களைத்துப்போய், யாரிடம் நல்ல பெயர் தேவையில்லையோ அவர்களிடம் வந்து கொட்டுகிறேன். பதவி உயர்வு விஷயமும் அதுதான். நான் மூன்று தனித்தனிப் பாவம் என்று நினைத்துத் தனித்தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தேன், வேர் ஒன்றாக இருக்கிறது. சபையில் யாரிடமும் கேட்காததும் இந்த வேரிலிருந்துதான் என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும்.

தோமாவின் சீடன் சொன்னதும் உறைத்தது. நோட்டை அதிக நாள் வைத்திருக்க மாட்டேன்.

---

அத்திமரத்தடி எழுதியது:

நோட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் எபேசியர் 4:25-லிருந்து 32 வரை ஒரு முறை வாசித்துவிடுங்கள். அதற்குச் சற்று முன்னால்தான் பழைய மனுஷனைக் களைந்துபோட்டுப் புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள் என்று வருகிறது, நடுவில் உள்ளம் புதிதாவது. உடனே பவுல் தெருவுக்கு இறங்கிவிடுகிறார்: பொய், கோபம், திருட்டு, கெட்ட வார்த்தை, கசப்பு.

அவர் சொல்லுகிற விதத்தைக் கவனியுங்கள். பொய்யை விடு என்று நிறுத்தவில்லை, மெய்யைப் பேசு என்கிறார், ஏன் என்றும் சொல்கிறார்: "நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறபடியால்". திருடன் திருட்டை விட்டால் போதாது, உழைக்க வேண்டும், எதற்கு? சம்பாதித்து நிம்மதியாக இருக்க என்றுதான் நாம் எழுதியிருப்போம், அவர் "குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாக" என்கிறார். மன்னிப்பதற்கும் காரணம் உண்டு, "கிறிஸ்துவுக்குள் தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல". விடுவதும் செய்வதும் கை வாய் சமாசாரம். அந்தக் காரணம் இருக்கிறதே, அதுதான் மனம் புதிதாகிற இடம். எடுத்துக்கொண்டிருந்த கை கொடுக்கிற கையாவதற்கு, பொருள் எதற்காக என்கிற நினைப்பே மாறியிருக்க வேண்டும்.

உங்கள் ஐந்து பொய்களுக்குக் கீழே ஒரு பழைய காரணம் இருக்கிறது: நல்ல பெயர் போனால் நான் போய்விடுவேன். அதோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்க வேண்டாம், அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். வீட்டைப் பெருக்கி வெறுமையாக விட்டால் என்ன ஆகும் என்று இயேசு மத்தேயு 12-இல் சொன்னது ஞாபகம் இருக்கும், போன அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

தோமாவின் சீடனோடு ஒரு சின்ன வேறுபாடு. நாளின் முடிவில் திரும்பிப் பார்ப்பதே ஆபத்து என்று ஆகிவிடக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் இக்னேஷியஸ் லொயோலா என்ற கத்தோலிக்கத் துறவி இதற்கு ஒரு முறை வகுத்தார், அவர் வேறு சபைப்பிரிவு என்று ஒதுக்காமல் பாருங்கள், அதில் முதல் படி பாவங்களை எண்ணுவது இல்லை, அன்றைக்குப் பெற்றதற்கு நன்றி சொல்வது. இரண்டாவது படி, பார்க்க வெளிச்சம் தரும்படி கேட்பது. மூன்றாவதாகத்தான் அந்த நாளைப் பார்க்கிறோம். இந்த வரிசையை மாற்றினால்தான் போலீஸ் வேலை ஆகிறது.

---

தோமாவின் சீடன் எழுதியது:

இந்த வரிசையில் எனக்குச் சம்மதம். என்னிடம் முதல் படியே இருந்ததில்லை.

---

இரவு டியூட்டி எழுதியது:

அண்ணா, அந்த "அனுப்பிவிட்டேன் சார்" ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். அப்புறம் நோட்டை ஒருவரிடமாவது காட்டுங்கள், முடிந்தால் வகுப்பில் இருக்கிற ஒருவரிடமே.

---

திங்கட்கிழமை விசுவாசி எழுதியது (இரண்டு வாரம் கழித்து):

என்ன ஆயிற்று என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

"அனுப்பிவிட்டாயா?" என்று மேலதிகாரி கேட்டார். வாய் பழக்கத்தில் திறந்தது. அந்த அரை விநாடியில் வசனமெல்லாம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, அவயவங்கள் என்ற ஒரு சொல் மட்டும் வந்தது, இந்த மனுஷர் நான் சொல்வதை நம்பி இன்னொருவருக்குப் பதில் சொல்லப் போகிறார் என்று தோன்றியது. "இல்லை சார், இன்னும் முடிக்கவில்லை" என்றேன். அவர், "சரி, சாயங்காலத்துக்குள் அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதற்காகவா இத்தனை வருஷம் பொய் சொன்னேன் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வாரம் அதே கேள்விக்கு அதே பழைய பொய்யைச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஆனால் பத்து நிமிஷத்தில் திரும்பப் போய்த் திருத்தினேன், அது முன்னால் சொல்லியிருப்பதைவிடக் கேவலமாக இருந்தது.

பதவி உயர்வு வந்தவர் விஷயத்தில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். வகுப்பில் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார், பிறகு தன்னுடையதைச் சொல்ல ஆரம்பித்தார், வீடு திரும்ப ராத்திரி பத்தரை ஆகிவிட்டது.

வியாழக்கிழமை வீட்டில் மறுபடியும் கத்தினேன். மகன் பென்சில் பெட்டியை வாசலில் போட்டிருந்தான், அதற்கு. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னால் கோபம் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறது, அஸ்தமித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, இருந்தாலும் அவன் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா கத்தினது தப்பு, பெட்டிக்காக இல்லை, எனக்கு வேற கோபம், அதை உன்கிட்ட காட்டிட்டேன், மன்னிச்சிடுப்பா" என்றேன். நான் இதுவரை அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. அவன் போர்வைக்குள்ளிருந்து, "சரிப்பா, லைட்டை அணைச்சிட்டுப் போங்க" என்றான்.